மரு, பாலுண்ணி, கால் ஆணி... வீட்டு வைத்தியத்தில் எது போகும்? எது புண்ணாக்கும்? முழு விளக்கம்

விரலில் சொரசொரப்பாக ஒரு சின்னப் புடைப்பு. முதலில் ஒண்ணு, ரெண்டு மாசத்தில் நாலு. வீட்டில் காட்டினால் பாட்டி அம்மான் பச்சரிசிப் பால் என்பார். பக்கத்து வீட்டு அக்கா சுண்ணாம்பு என்பார். யூடியூபில் தேடினால் பூண்டு, ஆப்பிள் சிடர் வினிகர், வாழைப்பழத் தோல் என்று வரிசையாக வந்து நிற்கும். கேட்கிற எல்லோரும் "எனக்கு இதில்தான் போச்சு" என்று அடித்துச் சொல்வார்கள். அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. குழப்பமே அதனால்தான்.

மரு பெரும்பாலும் தானாகவே போய்விடக்கூடியது. அது போகிற நேரத்தில் எதைத் தடவிக்கொண்டிருந்தோமோ, அந்தப் பொருளுக்குப் பெயர் கிடைத்துவிடுகிறது. அப்படிப் பெயர் வாங்கியவற்றில் பல எதுவுமே செய்யாதவை. சில, தோலைச் சுட்டு நிரந்தரத் தழும்பு போடக்கூடியவை. உண்மையிலேயே உதவும் ஒன்றும் இருக்கிறது. ஆனால் அது சமையலறையில் இல்லை, தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் இருக்கிறது.

முதலில், அது மருதானா?

தமிழில் 'மரு' என்ற ஒரே சொல்லுக்குள் நாலைந்து விஷயங்களைப் போட்டு வைத்திருக்கிறோம். 'மறு' என்று வல்லின றகரம் போட்டால் இன்னும் ஒன்று கூடிவிடும். நிலவில் தெரிகிற கறைக்குத் திருக்குறளில் அந்தச் சொல்தான் வருகிறது. பேச்சில் இதெல்லாம் பரவாயில்லை. வைத்தியத்தில் இறங்கும்போதுதான் சிக்கல். ஒன்றுக்குச் சொன்ன மருந்தை இன்னொன்றுக்குப் போட்டுவிடுகிறோம்.

டாக்டர்கள் மரு என்று சொல்வது வைரஸால் வருவதை. கை விரல், நகத்தைச் சுற்றி, முழங்கை, முழங்கால், உள்ளங்கால் ஆகிய இடங்களில் அதிகம் வரும். மேல்பகுதி காலிஃபிளவர் மாதிரி சொரசொரப்பாக இருக்கும். உற்றுப் பார்த்தால் நடுவில் கறுப்புப் புள்ளிகள் தெரியலாம். முகத்திலும் புறங்கையிலும் வருவது தட்டையாக, தோல் நிறத்திலேயே இருக்கும்.

கழுத்து, அக்குள், கண் இமை ஓரத்தில் சின்னக் காம்போடு தொங்குகிறதே, அது வேறு. அது வெறும் சதைத் தொங்கல். வைரஸ் மருவைப் போல அடுத்தவருக்கு ஒட்டாது. வயது, உடல் எடை, கர்ப்பகாலம், தோல் உரசல் எல்லாம் காரணமாகலாம். இது அதிகமாக இருப்பவர்களுக்கு, கூடவே கழுத்தின் பின்பக்கம் கறுத்துத் தடித்திருந்தால், உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கு அது அறிகுறியாக இருக்கலாம். அவர்கள் மருந்து தேடுவதற்கு முன்னால் ஒருமுறை ரத்தத்தில் சர்க்கரை அளவைப் பார்த்துவிடுவது நல்லது.

குழந்தைகளுக்கு முத்து முத்தாக, வழவழப்பாக, நடுவில் சின்னக் குழியோடு வருவது மூன்றாவது வகை. இதுவும் வைரஸ்தான். ஆனால் மரு வைரஸ் இல்லை, அம்மை வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. அழுத்தினால் உள்ளேயிருந்து வெள்ளையாக வரும். 'பாலுண்ணி' என்ற பெயர் உண்மையில் இதற்குத்தான் பொருந்தும் என்று தோன்றுகிறது. ஆனால் ஊருக்கு ஊர் கழுத்துத் தொங்கலையும், சொரசொரப்பு மருவையும்கூடப் பாலுண்ணி என்றே சொல்கிறார்கள். குழந்தைகளுக்கு வரும் இந்த முத்துக்கள் பெரும்பாலும் பல மாதங்களில் தானாக மறைந்துவிடும். சில சமயம் ஒரு வருடத்தைத் தாண்டும்.

நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்குக் கன்னத்திலும் கண்ணுக்குக் கீழேயும் வரும் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள் இன்னொரு வகை. நம் தோல் நிறத்துக்காரர்களிடம் இது ரொம்ப சகஜம். பல குடும்பங்களில் பரம்பரையாக வரும். கெடுதல் எதுவும் இல்லை. இதற்கும் வைரஸுக்கும் சம்பந்தமில்லை.

கடைசியாக, கால் ஆணி. செருப்பு, ஷூ அழுத்துகிற இடத்தில் தோல் தடித்துப்போவதும் ஆணிதான், உள்ளங்காலில் வரும் வைரஸ் மருவும் பேச்சில் ஆணிதான். வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. நேராக மேலிருந்து அழுத்தும்போது அதிகம் வலித்தால் அது அழுத்தத்தால் வந்த ஆணியாக இருக்க வாய்ப்பு. இரண்டு பக்கமும் பிடித்துக் கிள்ளினால் அதிகம் வலித்தால் மருவாக இருக்க வாய்ப்பு. காலில் இருக்கும் ரேகைக் கோடுகள் ஆணியின் மேல் தொடர்ந்து ஓடும். மருவில் அறுபட்டு விலகிப் போகும். ஆணி என்றால் முதல் வைத்தியம் செருப்பை மாற்றுவதுதான்.

மரு எப்படி வருகிறது?

மனித பாப்பிலோமா வைரஸ், அதாவது எச்.பி.வி. என்ற வைரஸ்தான் காரணம். இந்தப் பெயரை கூகுளில் போட்டவுடன் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் என்று வரும். பயந்துவிட வேண்டாம். இந்த வைரஸில் 200-க்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. கை, கால் மருவுக்குக் காரணம் பெரும்பாலும் 1, 2, 4, 27, 57 போன்ற வகைகள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் முக்கியமாகப் பேசப்படுபவை 16, 18 ஆகிய வகைகள். நல்ல எதிர்ப்பு சக்தி உள்ள ஒருவருக்குக் கையில் வரும் சாதாரண மரு புற்றுநோயாக மாறாது. அதேபோல, பெண் குழந்தைகளுக்குப் போடும் எச்.பி.வி. தடுப்பூசி கை மருவைத் தடுக்கப் போடுவதும் அல்ல.

தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் போதும், வைரஸ் நுழைந்துவிடும். நகம் கடிக்கிற குழந்தைகளுக்கு நகத்தைச் சுற்றி வருவதும், தாடி ஷேவ் பண்ணுகிறவர்களுக்கு பிளேடு போகிற பாதையிலேயே வரிசையாக வருவதும் இதனால்தான். ஒட்டிக்கொண்ட வைரஸ் மருவாக வெளியே தெரிய வாரங்கள், மாதங்கள் ஆகலாம். அதனால் யாரிடமிருந்து வந்தது என்று தேடிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

இந்த இடத்தில் ஒரு பழைய நம்பிக்கையைத் தெளிவுபடுத்திவிடலாம். 'மருவுக்கு வேர் இருக்கு, அதைத் தோண்டி எடுக்கணும்' என்பார்கள். வேர் என்று ஒன்று கிடையாது. வைரஸ் இருப்பது தோலின் மேலடுக்கில் மட்டும்தான். நடுவில் தெரியும் கறுப்புப் புள்ளிகள், மருவுக்குள் ஏறிய நுண்ணிய ரத்தக் குழாய்கள் உறைந்துபோனவை. பிளேடால் தோண்டினால் ரத்தம் வரும், வைரஸ் பக்கத்தில் பரவும், தழும்பு மிஞ்சும்.

மேலடுக்கோடு நின்றுவிடுவதால், இந்த வைரஸ் வந்திருப்பதையே உடலின் எதிர்ப்பு சக்தி ரொம்ப நாள் கவனிப்பதில்லை. ஒருநாள் கவனித்துவிட்டால் வேலை மளமளவென்று நடக்கும். பத்து மரு இருந்தாலும் சில வாரங்களில் மொத்தமாகக் காணாமல் போவது அப்போதுதான்.

பலித்தது வைத்தியமா, காலமா?

நெதர்லாந்தில் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, 2013-ம் ஆண்டு ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மரு இருந்த குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஒரே வருடத்தில் எல்லா மருவும் மறைந்திருந்தது. பெரியவர்களுக்கு இவ்வளவு சீக்கிரம் போகாது, வருடக்கணக்கில்கூட நிற்கும். ஆனால் குழந்தைகளைப் பொறுத்தவரை, எதைத் தடவினாலும், தடவாவிட்டாலும், ஒரு வருடத்தில் பாதிப் பேருக்குப் 'பலித்துவிடும்'.

உலகம் முழுக்க மருவுக்கு இத்தனை விசித்திர வைத்தியங்கள் இருப்பதற்குக் காரணம் இதுதான். இங்கிலாந்துத் தத்துவ அறிஞர் ஃபிரான்சிஸ் பேகன் இளம் வயதில் பாரிஸில் இருந்தபோது, இரண்டு கைகளிலும் நூற்றுக்கும் மேல் மரு வந்ததாம். தூதரின் மனைவி பன்றிக் கொழுப்பை மரு மேல் தேய்த்து, அந்தக் கொழுப்பை வெயில் படும்படி ஜன்னலில் தொங்கவிட்டார். ஐந்து வாரத்தில் அத்தனையும் போய்விட்டதாகப் பேகனே எழுதி வைத்திருக்கிறார். அறிவியல் ஆராய்ச்சி எப்படி நடக்க வேண்டும் என்று உலகத்துக்குச் சொன்ன ஆள் அவர்!

நம்ம ஊரில் வைத்தீஸ்வரன்கோயிலுக்குப் போய் உப்பும் மிளகும் போட்டுவிட்டு வருவார்கள். வேறு பல கோயில்களிலும் இந்த வேண்டுதல் உண்டு. நம்பிக்கை உள்ளவர்கள் தாராளமாகப் போய்வரலாம். தோலில் எதையும் தடவாத வேண்டுதல் என்பதால் இதில் தோலுக்கு ஆபத்து எதுவும் இல்லை. தடவுகிற வைத்தியங்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

செடிப் பால்: கண்ணுக்கு ஆபத்து

கிராமங்களில் முதலில் நினைவுக்கு வருவது அம்மான் பச்சரிசி. தரையோடு படர்ந்து கிடக்கும், கிள்ளினால் பால் வரும். அந்தப் பால் தோலை எரிச்சலூட்டி மேலடுக்கை உரிக்கும். அதனால் மரு கொஞ்சம் கரைந்த மாதிரி தெரியலாம். கூடவே சுற்றியுள்ள நல்ல தோலும் சிவந்து கொப்புளிக்கலாம். இந்தச் செடிக்கு வெளிநாட்டில் ஓர் உறவுக்காரச் செடி உண்டு. அதன் பாலிலிருந்து பிரித்த பொருளை, வெயிலால் பாதிக்கப்பட்ட தோல் திட்டுகளுக்கு ஜெல்லாக அமெரிக்காவில் 2012-ல் அனுமதித்தார்கள். பயன்படுத்தியவர்களுக்குத் தோல் புற்றுநோய் கூடுகிறதோ என்ற சந்தேகத்தில், 2020-ல் ஐரோப்பாவில் அது விலக்கப்பட்டது. ஆய்வகத்தில் அளந்து கொடுத்த மருந்துக்கே இந்தக் கதி. வேலியோரம் கிள்ளிய செடியில் எவ்வளவு வீரியம் இருக்கிறது என்று நமக்கு அளவு தெரியாது.

எருக்கம்பால் இதைவிட மோசம். தோல் புண்ணாவது ஒரு பக்கம் இருக்கட்டும், கையில் ஒட்டியிருக்கும் பால் தெரியாமல் கண்ணில் பட்டால் கருவிழி பாதிக்கப்படும். பல நேரம் பெரிய வலி இல்லாமலேயே பார்வை மங்கும். அதனால் 'சரியாயிடும்' என்று விட்டுவிடுவார்கள். கண்ணில் பட்டால் உடனே நல்ல தண்ணீரில் பதினைந்து, இருபது நிமிஷம் விடாமல் கழுவிவிட்டு, அன்றைக்கே கண் டாக்டரிடம் போக வேண்டும். கண் இமையில் இருக்கும் தொங்கலுக்கு எருக்கம்பால் வைக்கச் சொல்லி யாராவது சொன்னால், தயவுசெய்து கேட்காதீங்க.

அத்திப்பாலுக்கு மட்டும் ஒரு சின்ன ஆய்வு இருக்கிறது. ஈரானில் 25 பேருக்கு உடம்பின் ஒரு பக்க மருவுக்கு அத்திப்பாலும், மறுபக்க மருவுக்கு உறைய வைக்கும் சிகிச்சையும் கொடுத்துப் பார்த்தார்கள். அத்திப்பால் பக்கம் 11 பேருக்கும், உறைய வைத்த பக்கம் 14 பேருக்கும் முழுதாகப் போனது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது கடையில் உலர் பழமாக விற்கும் சீமை அத்தி, நம்ம நாட்டு அத்தி இல்லை. 25 பேரை வைத்து ஊருக்கே பரிந்துரைக்கவும் முடியாது.

சுண்ணாம்பு, சலவை சோடா, முந்திரிக்கொட்டை: கிட்டவே போகாதீங்க

வீட்டு வைத்தியத்தில் தோலை அதிகம் கெடுப்பது இந்தக் கூட்டணிதான். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பையும் சலவை சோடாவையும் குழைத்து, மரு மீதோ மச்சத்தின் மீதோ குச்சியால் வைப்பார்கள். சில வீடுகளில் சோப்பும் சேர்ப்பார்கள். பள்ளியில் வேதியியல் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். சுண்ணாம்பும் சலவை சோடாவும் ஈரத்தில் சேர்ந்தால் காஸ்டிக் சோடா உருவாகும். கழிவுநீர்க் குழாய் அடைப்பை எடுக்கப் பயன்படும் அதே காரம். இதைத்தான் முகத்தில் வைக்கிறோம்.

அமிலம் பட்டால் தோல் பெரும்பாலும் வெந்து கட்டியாகி, அதற்குமேல் உள்ளே போகவிடாமல் ஓரளவுக்குத் தடுக்கும். காரம் அப்படி நிற்காது. சதையைக் கரைத்துக்கொண்டே உள்ளே இறங்கும். ஆரம்பத்தில் லேசான எரிச்சல்தான் தெரியும், ஆழம் அடுத்த நாள்தான் தெரியும். மரு இருந்த இடத்தில் குழி விழுந்த புண், பிறகு கறுப்பு அல்லது வெள்ளைத் தழும்பு. மார்பு, தோள், காது மடல் போன்ற இடங்களில் தழும்பு தடித்து வளர்ந்துகொண்டே போகவும் வாய்ப்புண்டு. தானாக மறைகிற மரு பெரும்பாலும் ஒரு அடையாளம்கூட விடாமல் போய்விடும். சுண்ணாம்புத் தழும்பு ஆயுசுக்கும் இருக்கும். கல்யாணத்துக்கு ரெண்டு வாரம் இருக்கும்போது முகத்தில் இருக்கும் மச்சத்தைப் 'பக்குவமா' எடுத்துவிடலாம் என்று யோசிக்கிறவர்கள் இதை இன்னொரு முறை படிக்கவும்.

முந்திரிக்கொட்டையின் ஓட்டில் இருக்கும் எண்ணெயும் இதே ரகம். பண்ருட்டிப் பக்கம் கொட்டை உடைக்கும் வேலை பார்த்தவர்களிடம் கேட்டால், அந்த எண்ணெய் கையை என்ன செய்யும் என்று காட்டுவார்கள். சேராங்கொட்டை இன்னும் கடுமை. அந்தக் காலத்தில் சலவைக்குப் போகும் துணியில் அழியாத குறி போட அதன் சாற்றைத்தான் பயன்படுத்தினார்கள். துணியில் அழியாதது தோலில் என்ன செய்யும்? பட்ட இடத்தில் கொப்புளம் மட்டுமல்ல, ஒவ்வாமை உள்ளவர்களுக்கு உடம்பு முழுக்கத் தடிப்பு வரலாம். ஊதுபத்தி நெருப்பால் சுடுவது, பேட்டரி ஆசிட் வைப்பது எல்லாம் வைத்தியக் கணக்கிலேயே வராது.

பூண்டு, வினிகர், வாழைப்பழத் தோல்

பூண்டை நசுக்கிக் கட்டுப்போட்டு ராத்திரி முழுக்க விட்டால் தோல் வெந்து கொப்புளமாகும். இப்படி வந்த பல நோயாளிகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். பூண்டுச் சாறு நல்லது என்று சொல்லும் சிறிய ஆய்வுகளில் பெரும்பாலும் பயன்படுத்தியது பிரித்தெடுத்த சாரம், அம்மியில் நசுக்கிய பச்சைப் பூண்டு அல்ல.

ஆப்பிள் சிடர் வினிகர் இப்போது டிரெண்ட். பஞ்சில் நனைத்து ஒட்டிவிட்டுத் தூங்கச் சொல்வார்கள். அமெரிக்காவில் 8 வயதுச் சிறுவனுக்கு, அந்த முத்து மாதிரி வருகிற பாலுண்ணிக்காக வினிகரை வைத்துக் கட்டியதில் தோல் வெந்துபோனது. மூக்கில் இருந்த மச்சத்தை எடுக்க இணையத்தில் பார்த்து வினிகர் வைத்த 14 வயதுச் சிறுமிக்கும் இதே நிலைமை. சாலட்டில் ஊற்றுகிற வினிகர்தானே என்று நினைக்கலாம். சாலட்டை யாரும் எட்டு மணி நேரம் தோலில் கட்டி வைப்பதில்லை.

வாழைப்பழத் தோல், உருளைக்கிழங்கு, விளக்கெண்ணெய், கற்றாழை ஆகியவை வைரஸை ஒன்றும் செய்வதில்லை. தோலையும் பெரிதாக ஒன்றும் செய்யாது. திருப்திக்குத் தடவிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

டேப் ஒட்டினால் போகுமா?

இது கொஞ்சம் சுவாரஸ்யமான கதை. 2002-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு, பைப் லீக்குக்கு ஒட்டும் சாம்பல் நிற டக்ட் டேப்பை மருவின் மேல் ஒட்டினால் 85 சதவீதம் பேருக்குப் போகிறது, உறைய வைக்கும் சிகிச்சையில் 60 சதவீதம்தான் என்று சொன்னது. உலகமே டேப் வாங்க ஓடியது. பிறகு 2006-ல் நெதர்லாந்தில் 103 குழந்தைகளிடம் சோதித்தபோது, டேப் ஒட்டியவர்களில் 16 சதவீதம், ஒட்டாத மற்ற பிரிவில் 6 சதவீதம். புள்ளியியல் கணக்கில் இதைப் பெரிய வித்தியாசமாக எடுத்துக்கொள்ள முடியாது. 2007-ல் அமெரிக்காவில் பெரியவர்களிடம் செய்த ஆய்வில் டேப்புக்கும் சாதாரணப் பட்டைக்கும் வித்தியாசமே இல்லை. அந்த ஆய்வில் பயன்படுத்தியது வேறு வகைப் பசை கொண்ட டேப் என்ற விவாதமும் ஓடியது. மொத்தத்தில், டேப் ஒட்டுவதால் பெரிய கெடுதல் இல்லை, பெரிய எதிர்பார்ப்பும் வேண்டாம்.

வீட்டிலேயே செய்யக்கூடிய நிஜமான வைத்தியம்

சாலிசிலிக் ஆசிட். பொடுகு ஷாம்பு, பிம்பிள் ஃபேஸ்வாஷ் லேபிளில் பார்த்திருப்பீங்க. அதில் 2 சதவீதம் அளவுக்கு இருக்கும். மருவுக்கானதில் 17 சதவீதம் வரை இருக்கும், கூடவே லாக்டிக் ஆசிட்டும் சேர்த்திருப்பார்கள். காலுக்கு ஒட்டும் கார்ன் கேப்பில் 40 சதவீதம். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2012-ம் ஆண்டின் காக்ரேன் தொகுப்பாய்வில், சும்மா இருப்பதைவிட இது நிச்சயம் மேல் என்று நிரூபணமான எளிய மருந்து இதுதான். நூற்றுக்கு நூறு போகும் என்று அர்த்தமில்லை. ஆனால் அம்மான் பச்சரிசியைவிட இதன் அளவும் குணமும் நமக்குத் தெரியும்.

நிறைய பேர் 'அதையும் போட்டுப் பார்த்தாச்சு, போகலை' என்று சொல்வதற்குக் காரணம், நாலு நாள் போட்டுவிட்டு விடுவதுதான். இதற்கு 12 வாரம் வரை பொறுமை வேண்டும். ராத்திரி படுக்கப்போகும் முன் மரு இருக்கும் இடத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து, பத்து நிமிஷம் ஊற வையுங்க. நன்றாகத் துடைத்துவிட்டு, மேலே வெள்ளையாகத் தெரியும் செத்த தோலை நகம் தேய்க்கும் அட்டையால் மெதுவாகத் தேய்த்து எடுங்க. ரத்தம் வருகிற அளவுக்குப் போக வேண்டாம். சுற்றியுள்ள நல்ல தோலில் வாசலின் தடவிக்கொள்ளுங்க. பிறகு மருவின் மேல் மட்டும் ஒரு சொட்டு. காய்ந்ததும் வெள்ளைப் படலம் மாதிரி ஆகும். விருப்பப்பட்டால் பிளாஸ்திரி ஒட்டலாம். மறுநாள் திரும்ப இதே வேலை. தோல் சிவந்து வலித்தால் ரெண்டு மூணு நாள் இடைவெளி விட்டுத் தொடரலாம்.

ஒரு விஷயம் கவனம். மருவுக்கான பல திரவ மருந்துகள் சுலபமாகத் தீப்பிடிக்கும். பூஜை விளக்கு, அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து போடாதீங்க. மூடியை இறுக்கி, குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வையுங்க.

யாரெல்லாம் போடக்கூடாது? முதலில், சர்க்கரை நோயாளிகள். காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் தோல் வெந்துபோவதே தெரியாது. ஒரு கார்ன் கேப் ஒட்டியதில் ஆரம்பித்த புண், ஆறாமல் விரலை எடுக்கிற நிலைக்குக்கூடப் போகலாம். வீட்டில் பெரியவர்கள் தாங்களாகவே வாங்கி ஒட்டிக்கொள்கிறார்களா என்று ஒரு கண் வைத்திருங்க. காலில் ரத்த ஓட்டம் குறைந்தவர்களுக்கும் இதே எச்சரிக்கை. முகத்தில், பிறப்புறுப்பில், மச்சத்தின் மேல், புண்ணான தோலில் போடக்கூடாது. கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள் என்றால் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான்.

கழுத்துத் தொங்கலுக்கு நூல், குதிரை முடி கட்டலாமா?

தொங்கும் சதைக்கு நூலோ குதிரை வால் முடியோ இறுக்கிக் கட்டி, ரத்த ஓட்டத்தை நிறுத்தி விழவைப்பது பழைய வழக்கம். காம்பு மெல்லியதாக இருந்தால் சில நாளில் விழுந்துவிடுவதும் உண்மைதான். சரியாக இறுக்காவிட்டால் வீங்கி, சீழ் பிடித்து, வலியில் தூக்கம் போய்விடும். சுத்தமில்லாத முடி என்றால் கேட்கவே வேண்டாம். தோல் டாக்டரிடம் போனால் மரத்துப்போக வைத்து ஐந்து நிமிஷத்தில் எடுத்துவிடுவார், எடுத்தது வேறு ஏதாவதா என்றும் பார்த்துவிடுவார். இதற்கு சாலிசிலிக் ஆசிட்டும் சரிவராது.

சில பியூட்டி பார்லர்களிலும் கரண்ட் ஊசியால் சுட்டு எடுக்கிறார்கள். ஒருவருக்குப் பயன்படுத்திய ஊசியை இன்னொருவருக்குப் போட்டால் மஞ்சள் காமாலை வைரஸ் வரை பரவ வாய்ப்பிருக்கிறது. சுடக்கூடாத ஒன்றைச் சுட்டுவிடும் ஆபத்தும் உண்டு.

உடனே டாக்டரிடம் காட்ட வேண்டியவை

பிறப்புறுப்பு, ஆசனவாய்ப் பகுதியில் வருவதற்கு வீட்டு வைத்தியமே கிடையாது. வெட்கப்பட்டு சுண்ணாம்பு வைத்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. அந்த வலியை நினைத்துப் பாருங்க. தாம்பத்திய உறவில் பரவக்கூடியது என்பதால் கணவன், மனைவி இருவருமே பரிசோதித்துக்கொள்ள வேண்டும். குழந்தைக்கு அந்த இடத்தில் வந்திருந்தால் தாமதிக்காமல் குழந்தைகள் டாக்டரிடம் காட்டுங்க.

ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக வந்து, வேகமாக வளர்ந்து, ரத்தம் கசிந்து, ஆறாமலே இருக்கிற 'மரு' மருவாக இல்லாமல் போகலாம். உள்ளங்கால், நகத்துக்கு அடியில் கறுப்பாகப் படரும் திட்டு இந்தியர்களுக்கு அபூர்வமாக வரும் மெலனோமா புற்றுநோயாகவும் இருக்கலாம். நம்ம ஊரில் இன்னொன்றையும் மறந்துவிடக்கூடாது. தோலில் வரும் காசநோய் ஒருவகை, கை காலில் அப்படியே மரு மாதிரி சொரசொரப்பாக வளரும். மாசக்கணக்கில் மரு மருந்து போட்டுக்கொண்டிருப்பார்கள். சின்னச் சதைத் துணுக்கை எடுத்துப் பரிசோதித்தால்தான் தெரியும்.

திடீரென்று உடம்பில் ஏராளமாக மரு கிளம்பினால் எதிர்ப்பு சக்தி குறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உறுப்பு மாற்று சிகிச்சை செய்தவர்கள், எச்.ஐ.வி. உள்ளவர்கள், ஸ்டீராய்டு மாதிரி மருந்துகள் ரொம்ப நாளாக எடுப்பவர்கள் தாங்களாக எதுவும் போட வேண்டாம்.

டாக்டரிடம் போனால் மைனஸ் 196 டிகிரி குளிர்ந்த திரவ நைட்ரஜனால் உறைய வைப்பது, மின்சாரத்தால் சுடுவது, லேசர் என்று பல வழிகள் உண்டு. மருவுக்குள்ளேயே எம்.எம்.ஆர். தடுப்பூசி மருந்தைச் செலுத்தி எதிர்ப்பு சக்தியை உசுப்பிவிடும் முறையும் இப்போது பல இடங்களில் இருக்கிறது. ஒரு மருவில் ஊசி போட்டால், தொடாத மற்ற மருக்களும் சேர்ந்து மறைவது இதில் உண்டு. எந்த முறையிலும் திரும்ப வர வாய்ப்பு இருக்கிறது, ஒரே தடவையில் முடியும் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். தனியார் கிளினிக் செலவு கட்டுப்படியாகாதவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல் நோய்ப் பிரிவுக்குப் போகலாம்.

வீட்டில் மற்றவர்களுக்கு ஒட்டாமல் இருக்க...

மரு இருப்பவரின் துண்டு, ரேசர், நகவெட்டி, பாதம் தேய்க்கும் கல் ஆகியவற்றைத் தனியாக வைக்க வேண்டும். மருவைத் தேய்த்த அட்டையால் நல்ல நகத்தைத் தேய்க்கக் கூடாது, வேலை முடிந்ததும் தூக்கிப் போட்டுவிடலாம். காலில் மரு இருந்தால் நீச்சல் குளம், ஹாஸ்டல் குளியலறையில் செருப்பு அவசியம். தாடியில் தட்டை மரு வந்திருந்தால், போகும்வரை ஷேவ் பண்ணாமல் டிரிம்மர் போடுவது நல்லது. நகம் கடிக்கும் குழந்தையைத் திட்டிப் பயனில்லை, விரலில் பிளாஸ்திரி ஒட்டிவிட்டால் கை வாய்க்குப் போவது குறையும்.

மரு வந்ததற்காகக் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்த வேண்டியதில்லை, விளையாட்டையும் நிறுத்த வேண்டியதில்லை. வலி இல்லை, பெருகவில்லை, குழந்தைக்கும் அது தொந்தரவாக இல்லை என்றால், மாசத்துக்கு ஒருமுறை போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு காத்திருக்கலாம்.